கட்டக்கோரை அல்ஜினேட்: எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மண்டபம், ஏர்வாடி இரண்டு கரையிலும் எடுத்த கட்டக்கோரைப் பாசியிலிருந்து அல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளைப் பிரித்து வைத்திருக்கிறேன். ஜிபிசி என்ற பிரிப்புமுறையில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் வெளிவருகின்றன. ஆனால் கால்சியம் குளோரைடில் சொட்டு விட்டால் மண்டபத்து உருண்டை அழுத்தினாலும் நசுங்குவதில்லை, ஏர்வாடியுடையது விரலிலேயே கொழகொழத்துப் போகிறது. ஜிபிசி மூலக்கூறின் அளவைத்தானே பார்க்கும்? உருண்டையின் உறுதி அல்ஜினேட் சங்கிலியில் உள்ள குலுரோனிக், மனுரோனிக் அமிலங்களின் விகிதத்தைப் பொறுத்தது; அந்த விகிதத்தை அது காட்டாது.

சல்ஃப்யூரிக் அமிலத்தில் சங்கிலியை உடைத்து, எச்பிஎல்சியின் எதிரயனிப் பரிமாற்றக் காலம் (column, பிரிக்கும் குழாய்) வழியே ஓட்டி, 210 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், உடைக்கும்போதே இரண்டு அமிலங்களும் கொஞ்சம் சிதையும், அதுவும் ஒரே அளவில் அல்ல. இதற்குத் திருத்தம் எப்படிப் போடுகிறீர்கள்? எந்தக் காலம் (column) நல்லது? ஒப்பீட்டுக்கு வேண்டிய தூய குலுரோனிக் அமில ஸ்டாண்டர்டின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க மதுரை, காரைக்குடிப் பக்கம் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுத்துத் தருபவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.