பெல்ஜியத்தில் முதல் சைக்கிள் பந்தயத்துக்குள்ளேயே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி உண்டா?

அல்சூர்ப் பெடல்:

வணக்கம். பெங்களூரிலிருந்து கென்ட் நகருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. போன ஞாயிறு பக்கத்து ஊரில் திருவிழாப் பந்தயம். கெர்மிஸ் என்கிறார்கள். நம் அல்சூரில் பல்லக்கு உற்சவத்துக்குத் தெருவை அடைப்பதுபோல ஊரையே அடைத்துவிட்டு சைக்கிள் விடுகிறார்கள். எதிர்காற்றில் 30 கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

பதிவு ஒரு மதுக்கடையின் பின்னறையில். மேசைக்குப் பின்னால் ஒரு பாட்டி, அவர் முன்னால் செருப்புப் பெட்டி நிறைய நம்பர்கள். என் பந்தய லைசென்ஸை வாங்கினார். பாஸ்போர்ட்டையும் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு "கடிதம்?" என்றார். எந்தக் கடிதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். வெளியே வந்துவிட்டேன்.

வரும் ஞாயிறு இன்னொரு பந்தயம். இன்று வியாழன். போதாததற்கு டெரெய்லர் ஹேங்கர் (பின்சக்கரத்தில் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு துண்டு) விமானத்தில் வளைந்து வந்திருக்கிறது. பெரிய பல்லுக்கு மாற்றினால் ஆரக்கம்பியில் உரசுகிறது. அம்மாவிடம் பந்தயம் நன்றாகப் போனது என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது?

நந்தியேறி:

தம்பி, முதலில் பெங்களூர்ப் பக்கத்து நந்தி மலையை மறந்துவிடு. நானும் வாரம் இரண்டு முறை அந்த 1,478 மீட்டர் உச்சிக்கு ஏறியவன்தான். அந்தக் கர்வத்தோடுதான் 2017-இல் நீ இருக்கும் பக்கம் போய் இறங்கினேன். மலையெல்லாம் அங்கே சின்னச் சின்ன மேடுகள்தான், காற்றுதான் மலை. பக்கவாட்டில் அடித்தால் ஆட்கள் சாலையின் குறுக்கே சாய்வரிசையாக விரிந்துகொள்வார்கள். அவர்கள் மொழியில் அதற்கு விசிறி என்றே பெயர். அந்த வரிசையில் இடம் பிடித்தவன் பிழைத்தான். பிடிக்காதவன் சாலையோர வெள்ளைக்கோட்டின் மேல் தனியாகக் காற்றைக் குடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் தாக்குப்பிடிப்பான். அவ்வளவுதான், கூட்டம் போய்விடும்.

முதல் ஏழு பந்தயத்தில் ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் சுற்று, அதையே திரும்பத் திரும்ப நூறு கிலோமீட்டர் தாண்டும்வரை ஓட்ட வேண்டும். முன்னால் இருப்பவன் வளைவில் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். கடைசியில் இருப்பவன் கிட்டத்தட்ட நின்று, மறுபடி உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். எனவே முதல் இருபது பேருக்குள் இரு. வாரம் மூன்று பந்தயம் ஓட்டு. தனிப் பயிற்சியே தேவையில்லை.

கம்மனஹள்ளி அக்கா:

உள்ளேயே விடவில்லை என்று பிள்ளை அழுகிறான், நீங்கள் முதல் இருபது பேருக்குள் இரு என்கிறீர்களே!

தம்பி, சாப்பிடுகிறாயா? நாங்கள் பிரஸ்ஸல்ஸில் இருந்த முதல் மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஞாயிறு பல கடை திறந்திருக்காது என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துக்கொள். நான் ஒரு ஞாயிறு முழுக்க பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும் சாப்பிட்டுவிட்டு, நம் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நள்ளிரவில்கூட இட்லி கிடைக்குமே என்று அழுதேன். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், காசு கொடுத்து பாட்டில் வாங்காதே. ரைஸ் குக்கர் வாங்கிவிட்டாயா?

இன்னொன்று. ஊரிலிருந்து எடுத்துப் போன சளி மாத்திரையை அட்டையைப் படிக்காமல் விழுங்காதே. சூடோஎபிட்ரின் என்று போட்டிருந்தால் பந்தய நாளுக்கு ஆகாது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் லேகியம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாதென்றால் பந்தயக் காலம் முடியும்வரை ஜாடி மூடியே இருக்கட்டும்.

மர்ஃபி டவுன் மாமா:

எந்த விசாவில் போயிருக்கிறாய் என்பதைச் சொல்லவே இல்லை! குறுகிய காலத்துக்கான ஷெங்கன் விசா என்றால் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். ஐந்து வாரம் ஓடிவிட்டது. மிச்சம் ஏழெட்டு வாரத்துக்காகவா இத்தனை பாடு? அந்த விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு பந்தயத்தில் விழுந்தால் செல்லுமா என்று பார்த்தாயா? பெரும்பாலும் செல்லாது. பேசாமல் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வா.

திரும்பி வந்தவன்:

வாரம் மூன்று பந்தயம் என்று சொல்பவரை நம்பாதே. நான் அதைத்தான் செய்தேன். மூன்றாவது வாரம் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் இடக்கையால் சோறு. முதல் ஒன்றரை மாதம் பந்தயமே வேண்டாம் என்பேன். சாலையைப் படி. அங்கே வலப்பக்கம் ஓட்டுவது மட்டுமில்லை விஷயம். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவனுக்கே முன்னுரிமை. அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், அது அவன் உரிமை. நம் ஊரில் பெரிய வண்டிக்கு முன்னுரிமை. அந்தக் கணக்கு அங்கே உதவாது.

இரவல் சைக்கிள் எடுத்தால் பிரேக்கைப் பார். நம் ஊரில் பெரும்பாலும் வலக்கை முன்சக்கரம், அங்கே பெரும்பாலும் இடக்கை. என் காறை எலும்பு போன கதையே அதுதான்.

நந்தியேறி:

பிரேக் மாறியதற்குப் பந்தயம் என்ன செய்யும் ஐயா? ஆறு வாரம் வீட்டில் உட்காரவா பிள்ளை விமானம் ஏறினான்?

திரும்பி வந்தவன்:

உங்கள் ஏழு பந்தயத்தில் ஒன்றையும் முடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மர்ஃபி டவுன் மாமா:

அங்கேயாவது சாலை என்று ஒன்று இருக்கிறது. இங்கே பெங்களூர் வெளிவட்டச் சாலையில் 2020 வாக்கில் சைக்கிளுக்கென்று ஒரு தடம் பிரித்தார்கள். நான் போனபோதெல்லாம் அதில் ஸ்கூட்டர்தான் ஓடியது. ஒருவர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். சைக்கிள் தடத்தில் சைக்கிளுக்கு ஹாரன்!

கம்மனஹள்ளி அக்கா:

எங்கள் தெருவில் குழாய் போடத் தோண்டி மூடினார்கள், மறு மாதம் கேபிளுக்குத் தோண்டினார்கள். பெல்ஜியத்துக் கல்பாவிய சாலைக்கு இங்கேயே பயிற்சி எடுக்கலாம்.

நந்தியேறி:

கல்பாவிய சாலையைக் கேலி செய்யாதீர்கள் அக்கா. ஔட குவாரமோண்ட் ஏற்றத்தில் மணிக்கு பன்னிரண்டு கிலோமீட்டரில் போனேன், பற்கள் தனியே, நான் தனியே வந்து சேர்ந்தோம்.

இரண்டாம் கியர்:

கென்ட்டுக்குப் பக்கத்தில் நான்காவது வருடமாக ஓட்டுகிறேன். கேட்டவர் இதற்குள் அழுது முடித்திருப்பார், இனியாவது பதில் சொல்வோம். அல்சூர்த் தம்பி, நான்கு கேள்வி. விசா என்ன? லைசென்ஸ் எந்த நாட்டுடையது, எப்போது எடுத்தது? வயது? லைசென்ஸிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?

அல்சூர்ப் பெடல்:

மன்னிக்க வேண்டும் அக்கா, பதற்றத்தில் எழுதாமல் விட்டேன். ஒரு வருட வேலை அனுமதி, அலுவலகம் அனுப்பியது. லைசென்ஸ் இந்தியாவில் ஜனவரியில் எடுத்தது, சர்வதேசச் சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் முத்திரை இருக்கிறது. வயது 29. பெயர்தான்... லைசென்ஸில் இனிஷியல் ஓர் எழுத்து, பிறகு என் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கிறது. அந்தப் பாட்டி என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் வழிவிட்டு நின்றேன்.

கம்மனஹள்ளி அக்கா:

ஐயோ! என் பிள்ளையையும் பள்ளியில் தாத்தா பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

இரண்டாம் கியர்:

அப்படியானால் மாமாவின் 90 நாள் கணக்கு உனக்கு இல்லை. நிம்மதியாக இரு.

பாட்டி கேட்டது, வெளிநாட்டில் ஓட்டலாம் என்று உன் நாட்டுச் சம்மேளனம் தரும் அனுமதிக் கடிதம். இந்திய லைசென்ஸ் என்றால் டெல்லியிலுள்ள இந்தியச் சைக்கிள் சம்மேளனத்திடம் கேட்க வேண்டும். இப்போது மூன்றரை மணி நேர வித்தியாசம். நாளை உன் காலை 7 மணிக்கு அங்கே பத்தரை, ஆள் இருப்பார்கள். மின்னஞ்சல் மட்டும் போட்டுவிட்டு உட்காராதே, போன் செய். உன் மாநிலச் சங்கத்தில் தெரிந்தவர் இருந்தால் அவரையும் பேசச் சொல். கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுதாகவும், லைசென்ஸில் உள்ள வடிவமும் லைசென்ஸ் எண்ணும் கூடவே இருக்கும்படியும் கேள். இருவரும் ஒருவரே என்று ஒரு வரி இருந்தால் பாட்டி விரலால் தடவ வேண்டியதில்லை. இரண்டு பிரதி அச்சிட்டு வைத்துக்கொள். போனில் காட்டினால் சில இடத்தில் ஏற்பார்கள், சில இடத்தில் மாட்டார்கள்.

இங்கே லைசென்ஸ் எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். லைசென்ஸ் எடுக்கும்போது எந்த நாட்டில் குடியிருக்கிறாயோ அந்த நாட்டுச் சம்மேளனம்தான் தரும். ஜனவரியில் நீ பெங்களூரில் இருந்தாய், எனவே இந்த வருடம் முழுக்க அதுதான். இரண்டு வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வருடமும் இங்கே இருந்தால் இங்கே எடு. வயதுவாரியாகப் பந்தயம் நடத்தும் சிறு சங்கங்களும் உண்டு, வேகம் கொஞ்சம் மனிதத்தனமாக இருக்கும். ஆனால் உன் லைசென்ஸோடு அதில் ஓட்டலாமா என்று எழுத்தில் கேட்ட பிறகே பணம் கட்டு.

நகராட்சியில் பதிந்துவிட்டாயா? வந்த 8 வேலை நாளுக்குள் போக வேண்டும். அதன் பிறகு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

அல்சூர்ப் பெடல்:

பதிந்தேன். அவர் வந்தபோது நான் சைக்கிளில் இருந்தேன். அழைப்பு மணியில் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கிறது. கதவடியில் சீட்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாம் கியர்:

இன்றே மணியில் உன் பெயரை ஒட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி. சீட்டில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு நேரம் கேள். குடியிருப்பு அட்டை வராமல் வங்கி, மருத்துவக் காப்பீட்டுச் சங்கம் எல்லாம் இழுத்துக்கொண்டே போகும். காப்பீடு இல்லாமல் பந்தயத்தில் விழுவதைப் பற்றி மாமா சொன்னது மட்டும் சரி. லைசென்ஸோடு வரும் காப்பீடு வெளிநாட்டில் எவ்வளவு தாங்கும் என்று அதே போனில் கேட்டுவிடு.

ஹேங்கர்: ஒவ்வொரு சைக்கிள் ஃப்ரேமுக்கும் வேறு வடிவம். கடையில் வாயால் விவரிக்காதே, கழற்றி எடுத்துப் போய்க் காட்டு. கிடைத்தால் இரண்டு வாங்கு. கிடைக்காவிட்டால் கருவி வைத்து நிமிர்த்தச் சொல், ஒரு முறை தாங்கும். அடுத்த முறை பெட்டியில் அடுக்கும்போது டெரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி உள்ளே கட்டு. பெங்களூர் விமான நிலையத்துச் சுங்கத்தில் சைக்கிளுக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கினாயா? இல்லையென்றால் வாங்கிய பில்லைத் தேடி வைத்துக்கொள், திரும்பும்போது தீர்வை கேட்டால் காட்ட வேண்டும்.

ஞாயிறு கடிதம் வராவிட்டாலும் போய் நின்று பார். எந்த வளைவில் கூட்டம் அறுகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தாலே நந்தியேறி அண்ணனின் ஏழு பந்தயம் மிச்சம்.

நந்தியேறி:

நியாயமான பேச்சு.

அல்சூர்ப் பெடல் (ஞாயிறு இரவு):

வெள்ளிக்கிழமை மூன்று முறை போன். சனி காலையில் கடிதம் வந்துவிட்டது, பெயர் இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஹேங்கரைக் கடைக்காரர் நிமிர்த்திக் கொடுத்தார், பதினைந்து யூரோ. இன்றும் பதிவு மேசையில் அதே பாட்டி. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இந்த முறை உடனே போனேன். நாலாவது சுற்றில், தேவாலயத்தைத் தாண்டிய வளைவில் காற்று இடப்பக்கம் திரும்பியது. விசிறி விரிந்தது. எனக்கு வெள்ளைக்கோடு கிடைத்தது. ஆறாவது சுற்றில் நடுவர் கையைக் காட்டி இறக்கிவிட்டார். வீடு வந்து இப்போதுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அடுத்த ஞாயிறும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் கியர்:

நம்பரைத் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கட்டிய டெபாசிட்டை வாங்கினாயா?

அல்சூர்ப் பெடல்:

ஐயோ. முதுகிலேயே இருக்கிறது.