கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு, சுவர் காய்ஞ்சுதா?

பெயின்டிங் மேஸ்திரி, அனுப்பானடி:
மதுரைப் பக்கம் பெயின்ட் உரிஞ்ச புது வீடுகளைப் பார்த்தா பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில பூச்சு வேலை, தை முகூர்த்தத்துல பால் காய்ப்பு. நாளைத் தள்ள முடியாது, அதனால காயுற காலத்துல கை வைக்கிறாங்க. பூச்சுக்குக் குறைஞ்சது 7 நாள் தண்ணி விடணும். அதையும் சேர்த்து 28 நாள் கழிச்சுத்தான் பட்டி (பெயின்ட்டுக்கு முன்னாடி சுவரை வழவழப்பாக்கப் பூசுற மாவு). மழைக்காலத்துல அதுவும் போதாது.

சந்தேகம்னா 2 அடிக்கு 2 அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் ஈரம்.

பட்டி ரெண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கோணலான பூச்சைப் பட்டியால நிமிர்த்தச் சொல்றவங்க இருக்காங்க. தடிமனாப் போனா வெடிக்கும், பாளம் பாளமா விழும். பூச்சுக் கோணலைக் கொத்தனார்தான் சரி பண்ணணும். 40 கிலோ மூட்டை ரெண்டு கோட்டுக்குச் சுமாரா 500 சதுர அடி வரும். கரைச்ச பட்டியை 2 மணி நேரத்துல தீர்த்துடுங்க. இறுகினதுல மறுபடி தண்ணி ஊத்திக் கலக்கினா, தேய்க்கும்போதே மாவா உதிரும்.

சிவில் இன்ஜினியர், திருநகர்:
பெயின்ட் உரிவதற்கான காரணங்களில் உப்புத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பான போர் தண்ணீரில் கலவை போட்ட சுவரில் வெள்ளையாகப் பூத்து வரும். அதை ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும்.

ஓதம் (ஈரக்கசிவு) ஏறும் சுவரில் வால்பேப்பரோ பிவிசி பேனலோ ஒட்டி மறைப்பதுதான் நான் பார்ப்பதில் மோசமான வேலை. பின்னால் பூஞ்சை பிடிக்கும், பக்கத்து நிலைக்காலில் கரையானும் வரலாம். முதலில் சுவரின் மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா, குழாய் ஜாயின்ட் கசிகிறதா என்று பாருங்கள். கசிவை நிறுத்திய பிறகு, ஈரக்கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்து மறுபூச்சு பூசி, மறுபடி காய விட வேண்டும்.

டைல்ஸ் பதிப்பவர், காரைக்குடி:
மதுரையிலும் இப்ப ஆத்தங்குடி கல் நிறையக் கேக்குறாங்க. இது சூளையில சுட்ட கல் இல்லை. கண்ணாடி மேல நிறக்கலவை ஊத்தி, மணலும் சிமென்ட்டும் சேர்த்து, தண்ணியில ஊறவெச்சு எடுக்கிறது. அதனால ஆசிட் பட்டா மேல் நிறம் போயிடும். கறை போக ஆசிட் ஊத்தினா அந்தத் தரையை மீட்க முடியாது. பதிச்ச புதுசுல மங்கலாத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால துடைக்கத் துடைக்க, கால் படப் படப் பளபளப்பு வரும். பாலிஷ் மெஷின் வேண்டவே வேண்டாம்.

எலக்ட்ரீசியன், கே.கே.நகர்:
ஃபால்ஸ் சீலிங் போடுறவங்க ஃபேனை மறந்துடுறாங்க. 10 அடி தளத்துல 8 இஞ்ச் இறக்கினா, பழைய ராடுல இறக்கை சீலிங்கை ஒட்டி நிக்கும், காத்து வராது. மதுரை வெயிலுக்கு அது தண்டனை. இறக்கைக்கும் சீலிங்குக்கும் ஒரு அடி இடைவெளி வேணும், ஒன்றரை அடி ராடு போடுங்க. தளத்துல இருக்கிற கொக்கியிலதான் ஃபேன் தொங்கணும், ஜிப்சம் பலகையில இல்லை.

பெயின்ட் நிறத்தைக் கடை லைட்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. 6500 கெல்வின்னு போட்ட வெள்ளை வெளிச்ச பல்புல சந்தன நிறம் வெளுத்துத் தெரியும், 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்புல மஞ்சளடிக்கும். சுவர்ல 2 அடி சதுரத்துக்கு ரெண்டு கோட் அடிச்சு, பகல்லயும் ராத்திரி உங்க பல்புலயும் பாருங்க.

தையல்காரர், செல்லூர்:
சுங்குடித் துணியில ஸ்கிரீன் தைக்கிறவங்க முதல்ல கல் உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊறவெச்சு, நிழல்ல காயவெச்சுக் குடுங்க. காட்டன் சுருங்கும், ஊறாமத் தைச்சா முதல் சலவையில ஜன்னலுக்கு மேல ஏறிடும். அகலம் ஜன்னலைப் போல ரெண்டு மடங்கு. மேற்கு ஜன்னலுக்கு லைனிங் கட்டாயம், இல்லைன்னா சாயம் வெயில்ல வெளுக்கும்.

பெயின்டிங் மேஸ்திரி, அனுப்பானடி:
காரைக்குடி அண்ணன் சொன்னதுக்கு ஒண்ணு சேர்க்கிறேன். ஆத்தங்குடி கல்லை பட்டி, பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில அடிக்கிற கோட்), பெயின்ட் முதல் கோட் முடிஞ்சப்புறம் பதிங்க. கடைசிக் கோட்டுக்கு முன்னாடி தரை முழுக்க அட்டை விரிங்க. சிந்தின பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைக்க விடாதீங்க, ஈரமா இருக்கும்போதே தண்ணியில எடுத்துடணும்.