புதுப்பிப்பு: சான் செபாஸ்தியான் உணவுப் பயணம், சில திருத்தங்கள்

ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரை நகரமான சான் செபாஸ்தியானுக்குப் புறப்படும் முன், பழைய நகரில் நல்ல கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இரவு உணவை முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். போய்வந்த பின் அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அங்குள்ளவர்கள் ஒரு கடையில் ரொட்டித் துண்டின் மேலோ குச்சியில் கோத்தோ தரும் சிறு தீனிகளான பின்ச்சோக்களில் ஓரிரண்டை நின்றபடியே சாப்பிட்டு, உயரத்திலிருந்து ஊற்றித் தரும் சாக்கோலி என்ற வெள்ளை ஒயினை ஒரு கோப்பை அருந்திவிட்டு, அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

கடையின் பரிமாறும் மேடையில் அடுக்கியிருந்தவற்றைக் கொண்டே தட்டை நிரப்பியது என் இரண்டாவது தவறு. காளான், மாட்டுக் கன்ன இறைச்சி போன்ற சூடான வகைகளைக் கேட்ட பிறகே சமைத்துத் தருகிறார்கள். அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் கரும்பலகையில் இருக்கும். ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, ஊறவைத்த பச்சை மிளகாய் ஆகியவற்றை ஒரே குச்சியில் கோத்த ஹில்தாவை முதலில் கேளுங்கள். நம் நாக்குக்கு அந்த மிளகாய் காரமாகவே படாது.

நான் அக்டோபரில் சென்றதால் தவறவிட்டது ஒன்று உண்டு: ஏறத்தாழ ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை, அருகிலுள்ள அஸ்திகர்ராகா ஊரின் மதுக்கூடங்களில், பெரிய மரப் பீப்பாயிலிருந்து பீறிடும் ஆப்பிள் மதுவை நேரே குவளையில் பிடித்து, கருவாட்டு மீன் ஆம்லெட்டுடன் அருந்தலாம். அடுத்த பயணத்தை அந்த மாதங்களுக்கே மாற்றிவிட்டேன்.