சாம் ஹார்டி: பாயாமலே பிடித்த கீப்பரின் முறை கிறவல் தரைக்குச் சரிவருமா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
பழைய லிவர்பூல் உதைபந்தாட்டக் கோல் கீப்பர் சாம் ஹார்டி பெரிசாப் பாயாமலே இங்கிலாந்துக்கு ஆடினவர் எண்டு வாசிச்சன். எங்கட கிறவல் மைதானங்களில பாஞ்சா முழங்கையும் இடுப்பும் உரிஞ்சுபோகும். அவற்ற முறை 17 வயதுப் பெடியளுக்குச் சரிவருமோ? அதோட, மையக்கோடு மட்டும் பந்தைக் கையால தட்டிக்கொண்டு போய்ச் சட்டத்தையே மாத்த வைச்சவரும் இவர்தானோ?

வட்டுவாகல்:
கடைசிக் கேள்விக்கு இல்லை. அது லீ ரிச்மண்ட் ரூஸ், வேல்ஸ்காரர். 1912 வரைக்கும் கீப்பர் தன்ர பாதி முழுக்கக் கையால தொடலாம். ஆனா பந்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல நடக்கேலாது, அதாலதான் தரையில தட்டித் தட்டிப் போனவர். 1912 இல கையாலை தொடுறதைத் தண்டனைப் பரப்புக்குள்ள (கோலுக்கு முன்னால இருக்கிற பெரிய பெட்டி) மட்டும் எண்டு சுருக்கிப்போட்டினம்.

ஹார்டி அதுக்கு நேர்மாறான ஆள். செஸ்டர்ஃபீல்டில தொடங்கி 1905 இல லிவர்பூல் வந்தார், வந்த பருவமே லீக் சம்பியன். 1912 இல அஸ்டன் வில்லா கழகம். 1913, 1920 இரண்டிலயும் இங்கிலாந்தின்ர எஃப்.ஏ. கிண்ணம். பிறகு 1921 இல நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட், அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவுச் சம்பியன், 1925 மட்டும் அங்கதான். 1907 இலிருந்து 1920 வரை இங்கிலாந்துக்கு 21 ஆட்டம். இடையில முதலாம் உலகப் போரால நாலு பருவம் லீக்கே நடக்கேல்லை எண்டதையும் கணக்கில எடுங்கோ.

1913 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில சண்டர்லண்டுக்கு எதிரா அவர் காயப்பட்டுக் கொஞ்சநேரம் வெளியில நிண்டவர். அந்தக் காலம் மாற்று வீரர் கிடையாது. நடுப் பின்கள வீரர் ஜிம்மி ஹரொப் கோலுக்குள்ள நிண்டு சமாளிச்சார். வில்லா 1–0.

மூன்றுமுறிப்பு:
முறை சரிவரும், ஆனா அது சோம்பேறி முறை இல்லை. பாயிறதுக்குப் பதிலா, முன்னுக்கு வந்து அடிக்கிற கோணத்தை ஒடுக்கக் கால் ஓயாமல் வேலை செய்யவேணும்.

கணக்கைப் பாருங்கோ. கோல் அகலம் 7.32 மீற்றர். பந்து நேரே 16.5 மீற்றரில இருக்கேக்க கீப்பர் கோட்டில நிண்டால் முழு 7.32ஐயும் காக்கவேணும். 5.5 மீற்றர், அதாவது சின்னப் பெட்டிக் கோடு மட்டும் வந்தால் 4.88தான். பக்கத்துக்கு 2.44. ஒரு எட்டு வைச்சுக் கையை நீட்டினாப் பெரும்பாலும் எட்டும்.

பழக்க ஒரு 36 மீற்றர் கயிறு காணும். இரண்டு நுனியையும் இரண்டு கோல் கம்பத்திலயும் முழங்கால் உயரத்தில கட்டுங்கோ. நடுவை ஒருத்தர் பந்துக்கு மேல இழுத்துப் பிடிக்கட்டும். கயிறு இரண்டுக்கும் நடுவில கீப்பர் நிக்கவேணும்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. பந்து பக்கத்துக்குப் போனால்?

மூன்றுமுறிப்பு:
பிடிக்கிற ஆள் கயிறைக் கைக்குள்ள வழுக்க விட்டுக்கொண்டு பக்கத்துக்கு நடக்கவேணும். அப்ப கயிற்று மூலை ஒடுங்கிறதைப் பெடியன் கண்ணால காணுவான். இங்கதான் பிழை விடுறவங்கள்: கோலின்ர நடுவைப் பாத்துக்கொண்டு நிக்கிறதால கிட்டக் கம்பம் திறந்துபோகும்.

இன்னும் இரண்டு. அடிக்கிறவன் காலைப் பின்னால எடுக்கேக்க கீப்பர் அசையாமல் நிக்கவேணும். முன்னால ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்துக்குத் திரும்பேலாது. பந்து 25 மீற்றருக்கு அங்கால போனால் கோல் கோட்டிலிருந்து 2, 3 மீற்றர் தூரத்துக்குப் பின்வாங்கச் சொல்லுங்கோ, இல்லாட்டித் தலைக்கு மேலால தூக்கிப் போட்டிடுவாங்கள்.

வட்டுவாகல்:
ஒண்டை மட்டும் ஹார்டியிட்ட இருந்து எடுக்காதேங்கோ. அப்ப சகவீரர் காலால திருப்பித் தந்த பந்தையும் கீப்பர் கையால எடுக்கலாம். 1992 இலிருந்து அப்பிடி எடுத்தால் எதிரணிக்கு மறைமுக சுயாதீன உதை (நேரே கோல் அடிக்கேலாத உதை).

மூன்றுமுறிப்பு:
ஓம். தொடங்க முன்னம் சின்னப் பெட்டியை விளக்குமாறால கூட்டிவிடுங்கோ. கிறவல் கல்லில பட்டுத் தெறிக்கிற பந்துக்கு எந்தக் கோணக் கணக்கும் நிக்காது.