குழந்தைகள் நலனுக்கான அறக்கட்டளை நிதி: கட்டிலுக்குக் கொடுப்பதா, ஆளுக்குக் கொடுப்பதா?

கேள்வி: திருப்பூர்க்காரன்

வணக்கம். தகப்பனார் பெயரில் திருப்பூரில் ஒரு சிறு அறக்கட்டளை நடத்தி வருகிறோம். ஆண்டுக்கு ஐந்தாறு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட எங்களால் இயலாது. அவர் நினைவு நாளில் ஒரு குழந்தைகள் இல்லத்திற்கு மதிய விருந்தும், இரும்புக் கட்டில், பீரோ போன்ற பொருள்களும் கொடுப்பது வழக்கம். இம்முறை போனபோது, சென்ற ஆண்டு கொடுத்த கட்டில்களில் ஏழு, உறைகூடப் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உறைக்குள் அப்பாவின் பெயர் தெரிந்தது. அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவில் வெண்டீஸ் உணவகங்களைத் தொடங்கிய டேவ் தாமஸ் தாமே தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் என்றும், 1992இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்குக் குடும்பம் தேடித் தருவதற்காகவே நிதியுதவி செய்கிறது என்றும் படித்தேன். அதுபோன்ற ஒன்றை நம் பக்கத்தில் சிறிய அளவிலாவது செய்ய முடியுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: நொய்யல் ஓரம்

கொங்கு மாவட்டம் ஒன்றில், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகள் எங்கே வளர வேண்டும் என்று ஆணையிடும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தாங்கள் சொல்லும் அறக்கட்டளை 2004 முதல் நடத்தும் திட்டத்தில் பணம் போவது பெரும்பாலும் சம்பளத்திற்கு. தத்து நிறுவனங்களில் முழுநேரப் பணியாளர்களை அமர்த்தி, ஒவ்வொருவரிடமும் சில குழந்தைகளை மட்டும் ஒப்படைக்கிறார்கள். அந்தப் பணியாளர் தொடக்கத்திலேயே செய்வது, குழந்தையின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்து, அதன் வாழ்வில் வந்துபோன பெரியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போவது. யாரும் தத்தெடுக்க முன்வராத வளர்ந்த குழந்தைகளுக்கு இம்முறையால் குடும்பம் அமையும் வாய்ப்பு மூன்று மடங்கு வரை கூடியதாக 2011இல் வெளியான ஆய்வு கூறியது.

இங்கே அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்து என்பது காரா எனப்படும் மத்திய ஆணையத்தின் இணையதளம் வழியாகவே நடைபெறும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். தத்து கொடுப்பதற்காக நிறுவனங்கள் நன்கொடை வாங்குவதற்குத் தடை உண்டு. முறை மீறிய தத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எனவே எந்தக் குழந்தை எந்த வீட்டிற்குப் போகிறது என்ற இடத்தில் தங்கள் பணம் நிற்கவே கூடாது.

அதற்கு முந்தைய கட்டத்தில்தான் வேலை தேங்கிக் கிடக்கிறது. எங்கள் முன் வந்த ஒரு சிறுமியின் கோப்பில் "உறவினர் எவரும் இல்லை" என்ற ஒரே வரி, ஆண்டுதோறும், எழுத்துப் பிழை உட்பட, அப்படியே பார்த்து எழுதப்பட்டிருந்தது. புதிதாக வந்த இளம் சமூகப் பணியாளர் ஒருவர், கோப்பின் தொடக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையின் பெயரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளகோவில் பக்கம் பேருந்தேறிப் போய், ஆலைக் குடியிருப்பில் நான்கு வீடு விசாரித்தார். ஐந்தாவது வீட்டில் அந்தச் சிறுமியின் அம்மிச்சி, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, இருந்தார். பேத்தி விடுதியில் படிக்கிறாள் என்று மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சிறுமி இப்போது அம்மிச்சியிடம் வளர்கிறாள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கிடைக்கிறது. அன்றைய பயணத்திற்கு ஆன செலவு, தங்கள் கட்டில் ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆகவே என் யோசனை: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்னும் அரசு அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன், பதிவு பெற்ற ஓர் இல்லத்தில் ஒரு சமூகப் பணியாளரின் சம்பளத்தையும் பயணப்படியையும் மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டோடு நிறுத்தினால் பயனில்லை; குழந்தைகள் அவரிடம் பேசத் தொடங்கவே ஆறு மாதம் ஆகும்.

மறுமொழி: ஈரோடு கணக்காயர்

கணக்குப் பக்கம் சிலவற்றைச் சொல்கிறேன். இல்லம், இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற சொல்லை நம்ப வேண்டாம். தங்கள் அறக்கட்டளை இன்னொரு அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத் திருத்தத்திற்குப் பின், அதில் 85 விழுக்காடு மட்டுமே வருமான வரிக் கணக்கில் அறச் செலவாக ஏறும். பணியாளரைத் தாங்களே நியமித்து இல்லத்திற்கு அனுப்பினால் அந்தக் குறைப்பு வராது. ஆனால் கோப்புகளைப் பார்க்கும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடாது என்பதால், மேலே ஐயா சொன்ன ஒப்புதல் அப்போதும் தேவை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விருந்து நாளில் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படமெடுத்து வாட்ஸப்பில் போடும் பழக்கம் நம் ஊர்க் கொடையாளர்களிடம் ஊறிப் போயிருக்கிறது. இக்குழந்தைகளை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைக்கும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் இடமுண்டு. முகத்தின்மேல் ஒரு சிரிப்புப் பொம்மையை ஒட்டிவிட்டு, பெயரைக் கீழே எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: கோபி ஆசிரியை

நானும் என் கணவரும் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்று வளர்த்து வருகிறோம். இது தத்து அன்று. அவன் எங்கள் வீட்டில் இருப்பது குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி. 2024இல் மத்திய அரசு திருத்திய மாதிரி வழிகாட்டுதல்படி, இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின், குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதாக இருந்தால், வளர்ப்பவர்களே தத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு அது ஐந்து ஆண்டுகளாக இருந்தது. மணமாகாதவர்களும் இப்போது வளர்ப்புப் பராமரிப்புக்கு முன்வரலாம் என்பதைத் தங்கள் வட்டாரத்தில் சொல்லி வையுங்கள், பலருக்குத் தெரியவில்லை.

வந்த முதல் மாதங்களில் அவன் இரவுச் சாப்பாட்டில் மிஞ்சிய இட்லியைக் காகிதத்தில் சுற்றிப் பள்ளிப் பையில் ஒளித்து வைப்பான். மூன்றாம் நாள் நாற்றம் வரும்போதுதான் தெரியும். நான் கடிந்துகொண்டேன், பொய் சொல்லத் தொடங்கினான். வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர்தான், கடியாதீர்கள், அவனுக்கென்று ஒரு தகர டப்பாவைக் கொடுத்து அதில் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏழெட்டு வாரத்தில் இட்லி ஒளிப்பது நின்றது. டப்பா மட்டும் இன்னும் அவன் தலைமாட்டில் இருக்கிறது.

ஆகவே சம்பளத்திற்குக் கொடுங்கள் என்பதை நானும் வழிமொழிகிறேன். கூடவே ஒரு சிறு தொகையைக் கையிருப்பாக ஒதுக்குங்கள். கண்ணாடி, பல் வைத்தியம், பள்ளி மாற்றம் என்று திடீரென வரும் செலவுகளை எங்களைப் போன்றவர்கள் சமாளித்துக்கொள்வோம். பேரப் பிள்ளைகளை வளர்க்கும் அம்மிச்சிகளால் இயலாது. ஒரு வங்கிக் கிளையில் குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்க என்னையே மூன்று முறை நடக்க விட்டார்கள். தறிக்குப் போகும் பாட்டிக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

மறுமொழி: திருப்பூர்க்காரன்

மூவருக்கும் நன்றி. பாதுகாப்பு அலகின் அலுவலரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுச் சம்பளம், பயணப்படி, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கையிருப்பு என்று கணக்குப் போட்டதில் எங்கள் வரம்புக்குள் அடங்குகிறது. அந்த ஏழு கட்டில்களை, அம்மிச்சியோ அத்தையோ அழைத்துப் போகும் குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பும்படி இல்லத்தாரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குத்தான் ஒரு குறை. அப்பாவின் பெயரை எங்கே எழுதுவது என்று கேட்கிறார்கள். பணியாளரின் பயணப் பதிவேட்டு அட்டையில் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.