மேப்பிள் மரத்தடியில் காட்டுநிலச் செடிகள்

பின்வளவு:
வணக்கம். ரொறன்ரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் பெரிய நோர்வே மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் புல் நிலைப்பதில்லை. சென்ற வசந்தத்தில் நட்ட ஹொஸ்ரா என்னும் நிழல்விரும்பி இலைச்செடிகளும் கோடை முடியுமுன்னர் வாடிவிட்டன. ஆண்டுதோறும் தானாகத் தளிர்க்கும் காட்டுநிலச் செடிகளை, முடிந்தால் மூவிதழ்ப் பூப் பூக்கும் ரில்லியத்தையும், அங்கே வளர்க்க விரும்புகிறேன். நிழல்தான் தடையா? புதுமண் கொட்டி மேடாக்கி நட்டால் பலன் கிடைக்குமா?

பன்னம்பிரியன்:
நிழலைவிட வறட்சியே அங்கே பெரிய தடை. நோர்வே மேப்பிளின் வேர்கள் மேல்மண்ணில் அடர்த்தியாகப் பின்னிக் கிடந்து ஈரத்தை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகின்றன. சிறுமழை பெய்தால் அடர்ந்த இலைகளைத் தாண்டி நிலத்துக்கு வருவதே அரிது. மண்ணை மேடாக்க வேண்டாம்: வேர்களுக்குக் காற்றுக் குறைந்து மரம் நலியக்கூடும், புதுமண்ணுக்குள்ளும் அதே வேர்கள் விரைவில் ஏறிவிடும். நிலத்தைக் கொத்திக் கிளறாமல், பெரிய வேர்களின் இடைவெளிகளில் சிறு குழிகள் தோண்டிச் சிறிய கன்றுகளையே நடுங்கள். எப்பிமீடியம், பெருவேர் ஜெரேனியம், கிறிஸ்மஸ் பன்னம் ஆகியவை உலர்நிழலைத் தாங்கும். எனினும் வேரூன்றும் வரை, முதல் இரண்டு கோடைகளிலாவது, ஆழமாக நீர் விட வேண்டும். உதிரும் மேப்பிள் இலைகளை அப்படியே விட்டால் பாய்போல் ஒட்டிக்கொள்ளும். புல்வெட்டியால் நொறுக்கிப் பரப்பினால் மக்கி நல்ல மண்ணாகும்.

பின்வளவு:
மிக்க நன்றி. ரில்லியத்துக்கு வாய்ப்பே இல்லையா?

வடக்குவாசல்:
வெள்ளை ரில்லியம் 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலர். இங்குள்ள சர்க்கரை மேப்பிள் காடுகளில், மரங்கள் இலைவிடுமுன் தரையில் விழும் வசந்த வெயிலைக்கொண்டே அது ஆண்டின் பெரும்பகுதி உணவைச் சேர்க்கிறது. நோர்வே மேப்பிள் சர்க்கரை மேப்பிளைவிட முந்தி இலைவிடுவதால் அந்த வெயிற்காலம் சுருங்கிவிடும். ஆகவே அடிமரத்தருகே நடாமல் கிளைகளின் விளிம்பில், இலைமக்குக் கலந்த ஈரமண்ணில் நடுங்கள். விதையிலிருந்து பூக்க ஏழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பதால் கன்றின் விலை சற்று அதிகம்தான்; அதற்காகக் காட்டிலிருந்து தோண்டி வருவது தகாது. நர்சரியிலேயே பெருக்கிய கன்றுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மூலைத்தோட்டம்:
மேற்சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் ஹொஸ்ராவைக் கைவிட வேண்டியதில்லை. பெரிய தொட்டியில் நட்டு அதே நிழலில் வைத்தால் மேப்பிள் வேர்களின் போட்டி இராது. உலர்நிழலுக்கு ஏற்றது என்று பலர் 'லிலி ஒவ் த வலி' என்னும் பூச்செடியைப் பரிந்துரைப்பார்கள். அது நஞ்சுள்ளது, பரவத் தொடங்கினால் முற்றாக அகற்றுவதும் கடினம், எனவே சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் நான் அதை நட மாட்டேன்.