பாண்டி பஜார் நடைபாதைக் கல்லும் 2021 மழைத் தண்ணீரும்

மாம்பலம் மைனர்:
நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார்: "பாண்டி பஜார் நடைபாதை வளாகம்தான் செத்துக்கிடந்த தி.நகருக்கு உயிர் கொடுத்தது, மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளணும்" என்று. படித்ததும் காபி புரையேறியது. தி.நகர் எப்போதய்யா செத்தது? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருப் பக்கம் இவர் போனதே இல்லை போலிருக்கிறது. 2019 நவம்பரில் திறந்தார்கள், 40 கோடி செலவு. ரோட்டை ஒடுக்கி, கல் பதித்து, எவர்சில்வர் கம்பம் நட்டு, குழந்தைகளுக்கு நாலு விளையாட்டுச் சாமான் வைத்தார்கள். சரி, அழகாகத்தான் இருந்தது. சரியாக இரண்டே வருடம். 2021 நவம்பரில் அதே தி.நகரில் தண்ணீர் நின்றதை ஊரே டிவியில் பார்த்தது. கல் பதித்தார்கள், தண்ணீர் நின்றது. இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் உயிர் கொடுத்த கதையைப் பேசுங்கள்.

நடைராஜா:
அந்தத் தம்பி நான்தான் சார். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

பனகல் பார்க்கிலிருந்து அண்ணா சாலை வரைக்கும் முன்பு நடந்திருக்கிறீர்களா? நடைபாதை என்று ஒன்று இருந்ததா? நிறுத்திய காருக்கும் ஓடுகிற பஸ்ஸுக்கும் நடுவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போன அம்மாக்களைக் கேளுங்கள். இன்று சக்கர நாற்காலியில் ஒருவர் தனியாகப் போய்ப் பொருள் வாங்கி வர முடிகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் சும்மா, எதுவும் வாங்காமல். நம் ஊரில் காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இடம் இருக்கிறது?

தண்ணீர் பற்றி: 2015இல் தி.நகரில் தண்ணீர் நின்றதா இல்லையா? அப்போது இந்தக் கல் இருந்ததா? 2015க்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

மாம்பலம் மைனர்:
2015 வேறு, 2021 வேறு. 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், அடையாறு கரை புரண்டது, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியது. அது ஆற்றிலிருந்து ஊருக்குள் வந்த தண்ணீர். 2021இல் எந்த ஆறு வந்தது? வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நின்றது. வழியை அடைத்தது யார்? கல் பதித்தவர்கள். பாட்டி பெஞ்சு, சக்கர நாற்காலி என்று நெஞ்சைத் தொடுகிற கதை எல்லாம் வேண்டாம். 2021 நவம்பர். அதற்கு மட்டும் பதில்.

சிவில் சிவா:
வேலை விஷயமாக மழைநீர் வடிகால் பக்கம் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன். நடைபாதைக் கல்லுக்கும் தெருவில் தண்ணீர் நிற்பதற்கும் நீங்கள் போடுகிற முடிச்சு சரியில்லை. தி.நகரில் விழும் தண்ணீர் தெருவோர வடிகாலில் இறங்கி மாம்பலம் கால்வாய்க்குப் போகணும். அந்தக் கால்வாய் ஜி.என். செட்டி சாலை, விஜயராகவா சாலைப் பக்கமாக வந்து நந்தனத்தில் அடையாற்றில் சேர்கிறது. கால்வாயில் நீர்மட்டம் வடிகால் வாயைவிட மேலே ஏறிவிட்டால் வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு சொட்டு நகராது. சில நேரம் தண்ணீர் எதிர்த்துக்கூட வரும். 2021 நவம்பர் 6 ராத்திரி தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது, 2015க்குப் பிறகு அதுதான் பெரிய மழை. அதே சமயத்தில் கால்வாயில் சீரமைப்பு வேலை பாதியில் நின்றது, இடிபாடுகள் உள்ளேயே கிடந்தன என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பாண்டி பஜார் கல்லைப் பெயர்த்து எடுத்திருந்தாலும் அன்றைக்குத் தண்ணீர் நின்றிருக்கும்.

மாம்பலம் மைனர்:
ஆஹா, வந்துட்டாரு என்ஜினியர். கத்திப்பாரா பாலம் பற்றிய இழையில் போன வருடம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதா? அங்கேயும் இப்படித்தான் "நீர்மட்டம், சரிவு" என்று பாடம் எடுத்தீர்கள், கடைசியில் ஆளைக் காணோம்.

கால்வாய் வேலை எந்தத் திட்டம்? ஸ்மார்ட் சிட்டி. கல் பதித்தது எந்தத் திட்டம்? ஸ்மார்ட் சிட்டி. ஒரே பை, ஒரே காசு. அந்தத் திட்டத்தை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் 2022இல் குழு போட்டார்களே, எதற்கு? அறிக்கை 2023 ஜனவரியில் முதல்வர் கைக்குப் போனது. அதற்கப்புறம் உங்களில் யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினீர்களா? பெஞ்சில் பாட்டி உட்கார்ந்தாள் என்று மட்டும் எழுதத் தெரிகிறது.

கல்லாப்பெட்டி:
தண்ணீர் எல்லாம் வருடத்தில் நாலு நாள் சார். எங்கள் கஷ்டம் 365 நாள். நான் அந்தப் பக்கம் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். முன்பு கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, அம்மா காரிலேயே உட்கார்ந்திருக்க, பையன் இறங்கி வந்து நாலு புடவையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். அம்மாவுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவார். அந்த வாடிக்கை எல்லாம் போச்சு. இப்போது வருகிறவர்கள் நடக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். என் கடைக்குள் வருவது ஏசி காற்று வாங்க.

நடைராஜா:
தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்களே. 222 கார், 513 இருசக்கர வண்டி நிற்கும். அங்கே நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடக்க உங்கள் வாடிக்கையாளருக்குக் கால் வலிக்குமா? இதே ஆட்கள் மாலுக்குப் போனால் பாதாளத்தில் மூன்றாவது தளத்தில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடக்கிறார்கள், வாயைத் திறப்பதில்லை.

கல்லாப்பெட்டி:
மாலில் வெயில் அடிக்குமா தம்பி? மே மாதம் மதியம் ரெண்டு மணிக்கு அந்தக் கல்மேல் செருப்பில்லாமல் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

மதுரைக்காரி:
நீங்களாவது செருப்போடு நடக்கிறீர்கள். எங்கள் ஊரில் சித்திரை வீதி முழுக்கக் கல் பதித்தார்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் வெறுங்காலோடு வெயிலில் துள்ளிக்கொண்டே போவதைப் பார்க்கணும். பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டுகிறோம் என்று ஊரையே நடுத்தெருவில் நிற்க வைத்தார்கள். திறந்த பிறகு பார்த்தால் பாதி கடைத்தெரு மாதிரி இருக்கிறது, பஸ் ஏற இடம் தேடணும். சென்னைக்காரர்களுக்கு மட்டும்தான் ஸ்மார்ட் சிட்டி வந்தது போல எழுதுகிறீர்கள்.

மாம்பலம் மைனர்:
மதுரைக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள் அம்மா. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. 2021 நவம்பர்.

மதுரைக்காரி:
இழை என்ன உங்கள் பூர்வீகச் சொத்தா? பத்திரம் இருந்தால் காட்டுங்கள்.

சிராங்கூன் சேகர்:
இங்கே சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோடு தெரியும்தானே, ஊரிலேயே விலை உயர்ந்த கடைத்தெரு. 2010 ஜூனில் அங்கேயே வெள்ளம் வந்தது. கடைகளின் கீழ்த்தளம் மூழ்கியது. ஸ்டாம்ஃபோர்டு கால்வாயில் ஓர் இடத்தில் குப்பை அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் காரணம் சொன்னார்கள். அதோடு விடவில்லை. ரோட்டின் ஒரு பகுதியை உயர்த்தினார்கள், தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் தரைக்கு அடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று கட்டினார்கள், திசை திருப்பும் கால்வாய் ஒன்றும் வெட்டினார்கள், எல்லாம் 2018 வாக்கில் முடிந்தது. நடைபாதையைக் குறை சொல்லி யாரும் பெயர்த்தெடுக்கவில்லை, இன்னும் நன்றாக ஆக்கினார்கள். அழகுபடுத்துவது மேலே, தண்ணீர் வேலை கீழே. ரெண்டும் சேர்ந்து நடக்கணும்.

மாம்பலம் மைனர்:
எந்தப் பேச்சு எடுத்தாலும் சிங்கப்பூர் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், இந்த முறை கொஞ்சம் லேட். ஆனால் பாருங்கள், என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டார். "தண்ணீர் வேலை கீழே" என்று அவரே சொல்கிறார். இங்கே கீழே வேலையை முடிக்காமல் மேலே கல்லைப் பதித்துத் திறப்பு விழா நடத்தினார்கள். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

சிவில் சிவா:
நீங்கள் முதலிலிருந்து சொன்னது அது இல்லை. "வழியை அடைத்தது கல் பதித்தவர்கள்" என்றீர்கள். மேலே போய்ப் படியுங்கள். இப்போது கால்வாய்க்குத் தாவிவிட்டீர்கள். கால்வாய் என்று சொன்னது நான்.

தி.நகரே ஏரியில் கட்டியது சார். 1920களில் மாம்பலம் நெடிய ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் இருக்கிறதே, அங்கிருந்து எந்த லேக்கைப் பார்க்கிறீர்கள்? மழைத் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது. நூறு வருடக் கணக்கை இரண்டு வருடக் கல்லின் தலையில் கட்டாதீர்கள்.

மாம்பலம் மைனர்:
ஏரி 1920களில் போனது. சரி. அப்புறம் எத்தனை மழையைப் பார்த்தது தி.நகர்? நான் சிறுவனாக இருந்தபோது பெய்யாத மழையா? சாயங்காலம் பெய்தால் காலையில் வடிந்திருக்கும். நாங்கள் தி.நகரில் பிறந்து வளர்ந்தவர்கள், வரைபடத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இல்லை.

நடைராஜா:
ஒரு நிமிடம். போன மாதம் காபித்தூள் இழையில் "எங்கள் ஆரிய கவுடா ரோடு" என்று எழுதியது நீங்கள்தானே? அது மேற்கு மாம்பலம் சார். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தி.நகர் இந்தப் பக்கம்.

மாம்பலம் மைனர்:
மாம்பலம் இல்லாமல் தி.நகர் ஏது? ரயில் நிலையத்துக்குப் பெயர் என்ன, மாம்பலமா தி.நகரா? எங்கள் ஊர் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைதான் உங்கள் தி.நகர். பெயர்ப்பலகையில் என் பெயரைப் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் என்று என்னையே கேட்பதா?

நடைராஜா:
அப்படியானால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைமேம்பாலம் கட்டினார்களே, 2023 மே மாதம் திறந்தது, 570 மீட்டர், லிஃப்ட், நகரும் படி எல்லாம் இருக்கிறது. அதில் நடக்கிறீர்களா, இல்லை அதுவும் தண்ணீரைத் தடுக்கிறதா?

மாம்பலம் மைனர்:
நடக்கிறேன். அதை நான் எப்போது குறை சொன்னேன்? அதில் கல் பதிக்கவில்லை.

பூக்கடை புவனா:
நடக்கிறவர்கள், காரில் வருகிறவர்கள், கடைக்காரர் எல்லோரும் பேசிவிட்டீர்கள். அந்த நடைபாதையில் வருடக்கணக்காக வளையல், பூ, பிளாஸ்டிக் சாமான் விற்றவர்களை 2013இல் மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்களே, ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் சித்திக்கு மேல் மாடியில் கடை ஒதுக்கினார்கள். வளையல் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? நடந்து போகிறவள் கண்ணில் படணும், கையில் போட்டுப் பார்க்கணும், ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லணும், அதுதான் வியாபாரம். அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு அப்புறம் அந்த இடத்தை அகலப்படுத்தி "மக்களுக்கான இடம்" என்று பலகை வைத்தால், அவர்கள் மக்கள் இல்லையா?

கல்லாப்பெட்டி:
அம்மா, வாடகை, வரி, கரன்ட் பில் எல்லாம் கட்டிவிட்டு உள்ளே நான் உட்கார்ந்திருக்க, வாசலை மறித்து நீங்கள் விற்றால் எனக்கு எப்படி இருக்கும்?

பூக்கடை புவனா:
இப்போதுதான் வாசல் காலியாக இருக்கிறதே. கல்லா நிரம்பிவிட்டதா அண்ணே? ஏசி காற்று வாங்கத்தான் வருகிறார்கள் என்று நீங்கள்தானே அழுதீர்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்து வந்தவர்கள்தான் உங்கள் கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள்.

கல்லாப்பெட்டி:
அழவில்லை. நிலவரத்தைச் சொன்னேன்.

சிவில் சிவா:
புவனா சொல்வது நியாயம். திட்டம் போடுகிற இடத்தில் உட்காருகிற யாரும் வளையல் வாங்குகிறவரில்லை. ஆனால் ஒன்று, வியாபாரிகளை அனுப்பியது 2013, நடைபாதை வேலை அதற்குப் பல வருடம் கழித்து. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

பூக்கடை புவனா:
உங்களுக்கு ரெண்டு. எங்கள் சித்திக்கு ஒன்றுதான் சார்.

மாம்பலம் மைனர்:
பேச்சை எப்படித் திசை திருப்புகிறார்கள் பாருங்கள். வளையல், பூ, வெயில், சிங்கப்பூர், மதுரை. இப்போது உஸ்மான் ரோட்டில் 1.2 கி.மீ.க்கு இரும்புப் பாலம் கட்டி 2025இல் திறந்தாயிற்று. பனகல் பார்க் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டித் தகரம் அடைத்து வருடக்கணக்காகிறது. இன்னும் எத்தனை முறை தி.நகருக்கு உயிர் கொடுக்கப் போகிறீர்கள்? முதல் உயிருக்கே கணக்கு வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து என்னை அடித்தும் ஒருவர்கூட 2021 நவம்பருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சிவில் சிவா:
நேராகச் சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை. கால்வாய் நீர்மட்டம்.

மாம்பலம் மைனர்:
அது பதில் இல்லை, சாக்கு.

நடைராஜா:
2015க்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாம்பலம் மைனர்:
செம்பரம்பாக்கம் என்று சொன்னேனே, கண் தெரியவில்லையா?

நடைராஜா:
செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் ஜி.என். செட்டி சாலைக்கு எந்தப் பஸ் பிடித்து வந்தது?

சிராங்கூன் சேகர்:
ஆறு உயர்ந்தால் கால்வாய் வடியாது, அதனால் உள்ளேயும் நிற்கும். அதைத்தான் சிவா மேலே சொன்னார், ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான்...

மாம்பலம் மைனர்:
சேகர், நீங்கள் உங்கள் ஊர்த் தொட்டியைப் பாருங்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மதுரைக்காரி:
சேகரை விரட்டாதீர்கள், இந்த இழையில் உருப்படியாக ஒரு எண் சொன்ன வெளியூர்க்காரர் அவர் ஒருவர்தான். அது சரி, அந்தக் கத்திப்பாரா இழையில் அப்படி என்னதான் நடந்தது? யாராவது இணைப்பு கொடுங்களேன்.

சிவில் சிவா:
தயவுசெய்து அதைக் கிளறாதீர்கள்.

மாம்பலம் மைனர்:
ஏன் கிளறக்கூடாது? தேடி எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.